பன்னிரண்டாம் மேசைக் கீறல்

ஜூன் 11

அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் உங்கள் அம்மா வீட்டில் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அண்ணன் இரண்டு முறை உங்கள் எண்ணைப் போட்டு போனை என் கையில் கொடுத்தான். இரண்டு முறையும் நீங்கள் எடுத்தீர்கள். நான்தான் பேசவில்லை. "யாரு, யாரு" என்று கேட்டீர்கள். பிறகு "ஓ, நீயா" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். மூச்சு விடுவதை வைத்தே என்னைக் கண்டுபிடிக்கிறவர் நீங்கள் ஒருவர்தான். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு வரிசையாகச் சொன்னால்தான் சொல்ல வரும். தெரிந்ததையே சொல்கிறாளே என்று கோபிக்காதீர்கள்.

நீங்கள் வார்ப்புக் கொட்டகையில் பன்னிரண்டாம் மேசை. மண்கூழைத் தண்ணீர் உறிஞ்சும் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி வாஷ்பேசின் எடுத்து, அடியில் உங்கள் மேசை எண்ணைக் குத்துகிறீர்கள். அது காய்ந்து, பூச்சு ஏறி, சூளைக்குள் போய்வந்து என் மேசைக்கு வருகிறது. நான் மரச்சுத்தியலால் தட்டிக் கேட்கிறேன். மையைத் தடவித் துடைத்துப் பார்க்கிறேன். கீறல் இருந்தால் மை அதில் நின்றுவிடும். நின்றால் இரண்டு சாக்கட்டியில் ஒன்றை எடுத்தாக வேண்டும். நீலம் என்றால் டிஃபெக்ட். சிவப்பு என்றால் ஃபால்ட். நீலம் போட்டது வண்டியில் ஏறி நேராக உடைப்புக் கிடங்குக்குப் போய்விடும். சிவப்பு போட்டது மறுநாள் காலைவரை முற்றத்தில் காத்திருக்கும். சூப்பர்வைசர் எண்ணைக் கூப்பிடுவார். அந்த மேசைக்காரர் எல்லோர் முன்னாலும் வந்து அதைத் தூக்கிக்கொண்டு, முற்றத்தைக் கடந்து போய், தன் கையாலேயே உடைக்க வேண்டும்.

நீங்கள் வார்த்த துண்டுகளில் தண்ணீர் போகும் ஓட்டையின் ஓரத்தில் ஒரு கீறல் வந்தது. மண் இறுகிய பிறகு தாமதமாக ஓட்டை குத்தினால் அப்படி வரும் என்று என் மேசைக்கு மேலே மாட்டியிருக்கும் அட்டையில் இருக்கிறது. ஃபால்ட் என்ற பத்தியில் இருக்கிறது. அதனால் சிவப்பு போட்டேன். வேறு எந்த நினைப்பும் இல்லை.

நீங்கள் போன பிறகும் உங்கள் வாஷ்பேசின்கள் சூளையிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. நேற்று ஒன்று வந்தது. தட்டினால் மணி மாதிரி சத்தம். அதை உடனே அனுப்ப மனம் வரவில்லை. இன்னொரு முறை தட்டிப் பார்த்தேன்.

அண்ணன் வேனை நிறுத்திவிட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்கிறான். நான் சமைப்பதை "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் பாதியில் எழுந்துவிடுகிறான். நீங்கள் தலை துவட்டும் துண்டு கொடியில் அப்படியே கிடக்கிறது. எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


ஜூன் 19

நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. சாக்கட்டியிலும் நீ அப்படித்தான் எழுதுவாய். முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்தே படிக்கலாம்.

"வேறு எந்த நினைப்பும் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். என் வருத்தமே அதுதான் என்று சொன்னால் உனக்குப் புரியுமோ என்னவோ.

ஒரு வாஷ்பேசினை நீ தூக்கியதில்லை. உன் மேசைக்கு அது உருளைமேல் வந்துவிடும். குழந்தையை வைப்பதுபோல இடுப்பில் வைக்க முடியாது, வழுக்கும். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஒரு நாள் என்றால் சிரித்துக்கொண்டே நடந்துவிடலாம். எனக்கு அது தினசரி வேலை ஆகிவிட்டது. முதலில் பக்கத்து மேசைக்காரிகள், "என்னடி, இன்னிக்கும் ஊர்வலமா" என்று கேட்டார்கள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கேலி நின்றதும்தான் எனக்குப் பயம் வந்தது.

நான் கிளம்பிய அன்று அதை முற்றத்தின் நடுவில் கீழே வைத்தேன். போடவில்லை, மெதுவாகத்தான் வைத்தேன். அப்படியே வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன். உன் அண்ணன் வந்ததும் சொன்னேன். "அவ சும்மா போடுவாளா, கீறல் இருந்ததாலதானே போட்டா" என்றார். ஒரே வரி. அவருக்கு அது நியாயமான வரி. நீ சமையலறையில், கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாய். நான் பையை எடுத்தேன்.

அதென்ன இரண்டு வார்த்தை? கடைசியில் இரண்டையும்தான் உடைக்கிறார்கள். கிடங்கில் கிடக்கும் சில்லைப் பார்த்து இது டிஃபெக்ட், இது ஃபால்ட் என்று யாராவது சொல்வார்களா? பிறகு எதற்கு இரண்டு பெயர்? ஒன்பதாவதோடு நின்றவள் என்றாலும் நம் வீட்டில் அதிகம் படித்தவள் நீதான். எனக்கு விளக்கிச் சொல். இங்கே பொழுது போகவில்லை.

துண்டை மடித்து உள்ளே வை. வெயிலில் கிடந்தால் வெளுத்துப்போகும்.

உன் அண்ணன் மனைவி


ஜூன் 27

அண்ணிக்கு,

துண்டை மடித்து வைத்துவிட்டேன்.

நீங்கள் கேட்டதை யோசித்தேன். அந்த அட்டையை மாட்டிய அன்று வெளியூரிலிருந்து ஒருவர் வந்து எங்களுக்குப் பாடம் எடுத்தார். "டிஃபெக்ட்னா பொருளோட பிரச்சினை. ஃபால்ட்னா ஆளோட பிரச்சினை. அவ்வளவுதாம்மா, டீ வந்துருச்சு" என்றார். பாடம் முடிந்துவிட்டது. நான் என் பழைய பள்ளிக்கூட அகராதியைத் தேடி எடுத்தேன். டிஃபெக்ட் என்றால் குறை. ஃபால்ட் என்றால் குற்றம். ஆனால் ஃபால்ட்டுக்கு நேராகவும் இரண்டாவதாகக் குறை என்று போட்டிருக்கிறது. டிஃபெக்ட்டுக்கு நேராகக் குற்றம் என்று எங்கேயும் இல்லை. அதாவது எல்லாக் குற்றமும் ஒரு குறையாக இருக்கலாம், எல்லாக் குறையும் குற்றம் ஆகாது என்று நான் புரிந்துகொண்டேன். நாம் பேசும்போது "குற்றம் குறை இருந்தா மன்னிச்சுக்கோங்க" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். எது எதற்கு மன்னிப்பு என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

நம் குளியலறைக் கதவு மழை வந்தால் உப்பிக்கொண்டு மூடாது. அது டிஃபெக்ட். மழை இல்லாத நாளிலும் அண்ணன் அதை மூடாமல் போவது ஃபால்ட். இப்படித்தான் எனக்கு விளங்குகிறது. டிஃபெக்ட் என்றால் எங்கே என்று பார்த்தால் போதும். ஃபால்ட் என்றால் யார் என்று பார்க்க வேண்டும். அதனால்தான் அடியில் எண் குத்தச் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

பன்னிரண்டுக்குப் புதிதாக ஓர் அக்காவைப் போட்டிருக்கிறார்கள். எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் எல்லோரும் சிரிப்பக்கா என்கிறார்கள். உங்கள் கடைசித் துண்டுகளில் அந்தக் கீறல் இன்னும் வருகிறது. நான் போடும் சிவப்பை இப்போது அவர்தான் தூக்குகிறார், எண் அவருடையது ஆகிவிட்டதே. "யாரு பெத்த புள்ளையோ, நான் தூக்கறேன்" என்று சொல்லிக்கொண்டு முற்றத்தைக் கடக்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் குனிந்துகொண்டேன்.

அண்ணன் உங்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆனால் நேற்று கடையிலிருந்து நீங்கள் குடிக்கும் டீத்தூளை வாங்கி வந்தான். வீட்டில் வேறு யாரும் அதைக் குடிப்பதில்லை.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


ஜூலை 8

உம்மணாமூஞ்சிக்கு,

விளக்கம் நன்றாக இருந்தது. இரண்டு தரம் படித்தேன். கதவு உதாரணத்துக்குச் சிரித்தும் விட்டேன். என் தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள், இவளுக்குச் சிரிக்க என்ன இருக்கிறது என்று.

இங்கே நான்தான் நாத்தனார். முதல் வாரம் அவள் எனக்கு ஒரு முட்டை சேர்த்து வைத்தாள். இப்போது என் தட்டில் போடும்போது பாத்திரத்தின் அடியை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறாள். கெட்டவள் இல்லை. வீடு சின்னது, அவ்வளவுதான். அம்மாவுக்குக் காது மந்தம், இதெல்லாம் விழாது. நம் வீட்டில் நீ சத்தமே வராமல் தட்டை வைப்பாயே, அது பழக்கம் என்று நினைத்திருந்தேன். அப்படி வைக்க என்ன பாடுபட வேண்டும் என்று இங்கே வந்து கற்றுக்கொண்டேன்.

பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி. அதன் சலவைப் பிரிவுக்கு ஆள் தேடுகிறார்கள். போய்ப் பார்த்தேன். மலைமலையாகப் படுக்கை விரிப்பு. கறை பட்டது ஒரு பக்கம், கிழிந்தது ஒரு பக்கம் என்று பிரிக்கிறார்கள். யார் கறை, யார் கிழித்தது என்று அங்கே எவரும் கேட்பதில்லை. நோயாளியிடம் போய் என்னவென்று கேட்பது? அந்த ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. நீராவியில் நின்றால் மாலைக்குள் முட்டி விட்டுப்போகும் போலிருக்கிறது. சேரலாமா என்று யோசிக்கிறேன்.

ஒரு விஷயம். என் கடைசித் துண்டுகள் இன்னும் வருகின்றன என்று எழுதியிருந்தாய். ஊற்றிய துண்டு காய்ந்து, பூச்சேறி, சூளைக்குப் போய் உன்னிடம் வர எவ்வளவு நாள் பிடிக்கும் என்று உனக்குத் தெரியாதா? நீ கொட்டகைப் பக்கம் வந்ததே இல்லை. நான் எப்போது கிளம்பினேன் என்பதையாவது எண்ணிப் பார்.

அண்ணி


ஜூலை 17

அண்ணிக்கு,

எண்ணிப் பார்த்தேன். உங்கள் துண்டுகள் எப்போதோ தீர்ந்துபோயிருக்கின்றன.

கடிதம் வந்த மறுநாள் கீறலோடு வந்த இரண்டைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். நீங்கள் அடிப்பக்கத்தை ஸ்பாஞ்சால் துடைத்தால் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. இவற்றில் வட்ட வட்டமாக இருந்தது, குழந்தையைத் தட்டிக் கொடுத்த மாதிரி. உங்கள் கை இல்லை. இத்தனை நாளும் நான் எண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சிரிப்பக்காவின் துண்டுகளை உங்களுடையவை என்று நினைத்துச் சிவப்பு போட்டிருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் முதல் தடவையாகக் கொட்டகைக்குள் போனேன். பன்னிரண்டாம் மேசை அச்சுக்குள் கையை விட்டுத் தடவினேன். எங்கும் வழவழவென்று இருந்தது. ஓட்டை வரும் இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பூனை நாக்குபோலச் சொரசொரப்பு. சிரிப்பக்கா வந்து பின்னால் நின்றார்.

"என்ன பாப்பா, மோதிரத்தை உள்ள போட்டுட்டியா?"

நான் இடத்தைக் காட்டினேன்.

"அதுவா? நான் வந்த நாள்லேர்ந்து அப்படித்தான். அந்த இடம் மட்டும் தண்ணியைக் குடிக்கவே மாட்டேங்குது. மத்ததெல்லாம் இறுகிடும், அது மட்டும் ஈரமா நிக்கும், அப்புறம் காயறப்ப இழுத்துக்கும். சொன்னா என் கை சரியில்லைம்பாங்க. நான் புதுசு பாரு."

சொல்லிவிட்டு வழக்கம்போலச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

எனவே அது நீலம், அண்ணி. ஆரம்பத்திலிருந்தே நீலம்தான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மற்ற எண்களில் இதே கீறல் ஒன்றிரண்டு வந்தபோது நான் நின்று யோசித்திருக்கிறேன். பன்னிரண்டு என்றால் யோசிப்பதற்கு முன்பே கை சிவப்புக்குப் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர், "உங்க அண்ணி சொல்லித்தான் உன்னை எடுத்தேன், சொந்தக்காரின்னு பார்த்தா இந்த மேசையில உக்கார முடியாது" என்றார். யாரும் பாரபட்சம் என்று சொல்லிவிடக்கூடாது என்பதற்காக உங்களிடம் மட்டும் பாரபட்சமாக நடந்துகொண்டேன்.

இதை சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். காலையில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "என்னம்மா" என்றார். "ஒண்ணுமில்ல சார்" என்று வந்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. எழுதிக் கொடுக்கலாமா? இல்லை, நீங்களே போனில் சொல்லிவிடுகிறீர்களா? நீங்கள் சொன்னால் கேட்பார். உங்கள் மேசையும் உங்களுக்குக் கிடைத்துவிடும்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 25

உனக்கு,

எனக்குத் தெரியும்.

அச்சு தேய்ந்தது எனக்கு எப்போதோ தெரியும். அதில் கை வைத்தே பிழைத்தவள் நான், தெரியாமல் இருக்குமா? சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். "இந்த ஆர்டர் முடியட்டும்மா, புது அச்சு போட்டா காய வச்சுப் பழக்கவே நாலு நாள் போயிடும், கொஞ்சம் சமாளி" என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை உன் அட்டையில் எந்தப் பத்தியில் போடுவாய்? அச்சு தேய்ந்தது குறை. தெரிந்தே ஊற்றியது என் குற்றம். ஊற்றச் சொன்னவர் காலையில் என் எண்ணைக் கூப்பிட்டார், நான் போய்த் தூக்கினேன். அதற்கு மூன்றாவது சாக்கட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார்களா?

அப்போதே ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். இல்லை, நீ கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன். வீட்டுக்கு வந்து, "எனக்கு நீலம் போடு" என்று உன்னிடம் நான் கெஞ்ச வேண்டுமா? அவ்வளவு இறங்க எனக்கு வரவில்லை.

எங்கே என்று பார்ப்பாய், யார் என்று பார்ப்பாய் என்று எழுதியிருந்தாய். ஏன் என்று ஒன்று இருக்கிறது. தினமும் சாயங்காலம் நீயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்துதான் வெங்காயம் உரித்தோம். "ஏன் அண்ணி, அது ஒரே இடத்துலயே வருது?" என்று ஒரே ஒரு நாள் நீ கேட்டிருந்தால் நான் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். நீ கேட்பாய் என்று ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மெதுவாகவே உரித்தேன்.

உன் அம்மா இறந்த பிறகு உன்னை யாராவது ஊமை என்றோ திமிர் பிடித்தவள் என்றோ சொன்னால் நான் விட்டதில்லை. "கூச்சம், பாவம்" என்பேன். அது உன் குறை, யார் மேலும் தப்பில்லை என்று நினைத்தேன். அந்த மாதம் முற்றத்தில் நடக்கும்போதெல்லாம் இது குறையா குற்றமா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். இன்னும் எனக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போதே அலுப்பாக இருக்கிறது. உன்னைத் திட்டவும் தெம்பில்லை.

நான் போன் செய்ய மாட்டேன். எனக்காக நீ பேசவும் வேண்டாம். அந்தச் சிரிப்புக்காரி புதியவள், அவளுக்காகப் பேசு.

இன்னொன்று. மூன்று கடிதம் எழுதியிருக்கிறாய். ஒன்றிலும் "வாங்க" என்று ஒரு வார்த்தை இல்லை.

அண்ணி


ஆகஸ்ட் 6

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு தடவைதான் படித்தேன். மறுபடி எடுக்க தைரியம் வரவில்லை. ஆனால் முழுவதும் மனப்பாடமாகிவிட்டது.

வரிசையாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை முற்றத்தில் எல்லோரும் நின்றோம். சூப்பர்வைசர், "பன்னிரண்டு" என்றார். சிரிப்பக்கா முன்னால் வந்தார். நான், "அது அவங்க தப்பில்ல" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். இந்தத் தடவை கீச்சென்று வந்தது. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"என்னம்மா சொல்ற?"

"அச்சு தேஞ்சிருக்கு சார். எல்லாத் துண்டும் ஒரே இடத்துல கீறல் விடுது. ஃபால்ட் இல்ல சார்."

அவர் கொட்டகைக்குள் போனார். நாங்கள் பின்னால் போனோம். அச்சுக்குள் கட்டை விரலை வைத்துத் தேய்த்தார். நீங்கள் எழுதியதுபோல அவருக்கு முன்பே தெரியும் என்பது அவர் தேய்த்த விதத்திலேயே தெரிந்தது.

"சரி. இத்தனை நாள் சிவப்பு போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப இது யாரோட ஃபால்ட்டு?"

"என்னோடது சார்."

உங்களை ஊற்றச் சொன்னது யார் என்று கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. ஆனால் கேட்கவில்லை. சிரிப்பக்காதான், "அச்சு பழசானா மாத்தறது யாரு வேலை சார்? சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அது அடித்த மாதிரி எனக்குக் கேட்கவில்லை.

முற்றத்தில் வைத்திருந்ததை நானே தூக்கிக்கொண்டு போனேன். கனம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். கனம் பரவாயில்லை அண்ணி. நாம் நடந்து முடிக்கும்வரை எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. என்னால் ஒரே அடியில் உடைக்கவும் முடியவில்லை. நான்கைந்து அடி அடித்தேன்.

அன்றே புது அச்சு போட்டார்கள். என்னைச் செக்கிங்கிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் விட்டார்கள். நாள் முழுவதும் அட்டைப்பெட்டிக்குள் வைக்கோலைத் திணிக்கிறேன். என் பழைய மேசையில் இப்போது வேறொரு பெண். அவளிடமும் அதே இரண்டு சாக்கட்டி, அதே அட்டை.

நீங்கள் திரும்பி வேலைக்கு வரலாமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். "பன்னிரண்டுக்குத்தான் ஆள் இருக்கேம்மா, இப்ப நீதானே அவளுக்காகப் பேசினே" என்றார். சிரிப்பக்கா அந்த மேசையில் நிலைத்துவிட்டார். நீங்கள் வந்தாலும் இங்கே உங்களுக்கு மேசை கிடையாது. அதற்குக் காரணம் நான்தான்.

ஆனாலும் கேட்கிறேன். வாங்க அண்ணி.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 14

உம்மணாமூஞ்சிக்கு,

படித்தேன். கீச்சென்று வந்தது என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் கொஞ்ச நேரம் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். பிறகுதான் மீதியைப் படித்தேன்.

மேசை போனால் போகட்டும். நான் சலவைப் பிரிவில் சேர்ந்துவிட்டேன். கை வெந்து தோல் உரிகிறது. பழகிவிடும் என்கிறார்கள். எல்லா வேலையிலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

வாங்க என்று கேட்டுவிட்டாய். சந்தோஷம். ஆனால் நீ கூப்பிட்டு நான் வந்து நின்றால், யாரைக் கட்டிக்கொண்டேன் என்று எனக்கே குழப்பமாகிவிடும். நான் கட்டிக்கொண்டது உன்னை இல்லை. உன் அண்ணன் போன் போட்டதெல்லாம் உன் கையில் கொடுப்பதற்காகத்தான். வாங்கி வைத்த டீத்தூள் என்னிடம் பேசுமா? நீ பேசக் கற்றுக்கொண்டாய். அவருக்கு முப்பத்திரண்டு வயது.

அண்ணி


ஆகஸ்ட் 23

அண்ணிக்கு,

நேற்று அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்தேன். எப்போதும் நான் அடுப்புப் பக்கம் நின்றுகொள்வேன், அதனால் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணி ஏன் போனாங்கன்னு அவங்களைக் கேட்டியா?"

"அவளுக்கே தெரியும், அன்னிக்கு நான் அதைக் கோபத்துல சொல்லலன்னு."

"அதைக் கேக்கல. அவங்களைக் கேட்டியா?"

"என்னத்தைக் கேக்கறது?"

"தினமும் தூக்கினாங்களே, கை வலிச்சுதான்னு."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாயில் வைக்கவில்லை. பிறகு, "நீ எப்போலேர்ந்து இவ்வளவு பேச ஆரம்பிச்ச?" என்றான்.

"இந்த மாசம்தான்" என்றேன்.

இன்று காலை முதலாளியிடம் ஞாயிறு லீவு கேட்டிருக்கிறான். வேனை எடுக்காமல் பஸ்ஸில் வருகிறானாம். வேன் ஓட்டினால் யோசிக்க முடியாதாம். அங்கே வந்து என்ன சொல்வது என்று என்னைக் கேட்டான். நான் சொல்லித் தரவில்லை. அவனாகப் பேசும்வரை நிற்க வையுங்கள், அண்ணி. என்னைப் போல இவனும் கூச்சம், பாவம் என்று விட்டுவிடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 2

உம்மணாமூஞ்சிக்கு,

உன் அண்ணன் வந்தார். நான் வேலை முடிந்து வரும்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் தம்பி மனைவி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். முதலில் பஸ்ஸில் கூட்டம் என்றார். பிறகு இங்கே தண்ணீர் நன்றாக இருக்கிறதே என்றார். நான் எதற்கும் பதில் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். கடைசியில், "தூக்கறப்ப கை வலிச்சுதா?" என்றார்.

அது அவருடைய கேள்வி இல்லை, உன்னுடையது என்று எனக்குத் தெரியாதா? உன் கடிதம் முந்தின நாளே வந்துவிட்டது. ஆனால் கேட்டுவிட்டு, நான் வாயைத் திறக்கும்வரை வேறு பக்கம் பார்க்காமல் நின்றார். அதை யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது.

வலித்தது என்றேன். அதற்கு மேல் நாங்கள் பேசியது உனக்கு எதற்கு?

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. எனக்கு மனதில் இன்னும் இருக்கிறது, சீக்கிரம் போகாது. சலவை வேலையை விடுவதாக இல்லை. வாரம் ஒரு நாள் லீவு, இனி அதை ஞாயிறாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன். வரும் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே வந்து ஞாயிறு இருந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அப்படி எவ்வளவு நாள் ஓடும் என்று தெரியவில்லை. பார்ப்போம். அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் உன் அண்ணன் பதில் சொல்லட்டும், அவருக்கும் பழக வேண்டும்.

நான் வந்ததும் சமையலறைக்குள் ஓடிப்போய்க் கழுவிய தட்டை எடுக்காதே. எதிரே உட்கார். உன்னை அந்த ஃபேக்டரிக்குக் கூட்டிக்கொண்டு போய், "பேச மாட்டா சார், ஆனா கண்ணு கூர்மை" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டது நான். போக இஷ்டமா என்று அன்று உன்னைக் கேட்கவில்லை. நீ மாட்டேன் என்று சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது வைக்கோல் திணிக்கிறாய். அதுவும் பிடித்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. உனக்கு என்ன வேலை பிடிக்கும்? வைக்கோலா, சுத்தியலா, மறுபடி புத்தகமா, இல்லை எதுவுமே வேண்டாம் என்று இருக்கிறாயா? சனிக்கிழமை கேட்கப்போகிறேன். யோசித்து வை. "ம்" என்று சொன்னால் விடமாட்டேன்.

அண்ணி